பனியன் கம்பெனியில் ஆள் வைத்து நடத்தும்போது வரும் ஆபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்துப் பேர் முதல் இருநூறு பேர் வரை வேலை செய்யும் பனியன் கம்பெனிகளுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), சம்பளப் பதிவேடு, தணிக்கை வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். முதலாளிகளும் மேனேஜர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததால் பழைய சட்டங்கள் பலவற்றின் பெயர் மாறிவிட்டது. கீழே சொல்லும் கடமைகள் பெரும்பாலும் தொடர்கின்றன. அதனால் எல்லோருக்கும் பழகிய பெயர்களிலேயே சொல்கிறேன்.

ஆள் சார்ந்த ஆபத்து என்று எதைச் சொல்கிறீர்கள்? கை வெட்டுப்படுவதையா, திருட்டையா?

இரண்டையும்தான். பெண்களிடம் அத்துமீறல், திடீரென்று ஆள் நின்றுபோவது, நீக்கிய ஆள் வழக்குப் போடுவது, இ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வருவது எல்லாம் இதில் அடக்கம். பார்க்க வேறு வேறாகத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்கின. விஷயம் தெரிந்த ஒரு ஆள் உள்ளேயே இருந்தார், சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டார்.

உடைந்த ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதி ஆர்டர் தைக்கும் கம்பெனிகளில் அதற்கென்று ஒரு நோட்டு இருக்கும். ஊசி உடைந்தால் டெய்லர் மெஷினை நிறுத்தி, துண்டுகளைப் பொறுக்கி, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற பீஸ் அத்தனையையும் மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். ஒரு கம்பெனியில் அந்த நோட்டைப் புரட்டினேன். மூன்று வாரமாக ஒரு ஊசிகூட ஒட்டவில்லை. நாற்பது மெஷின் ஓடுகிற இடத்தில் அது நடக்கிற காரியமே இல்லை. விசாரித்தால், புதிதாக வந்த சூப்பர்வைசர் ஊசி உடைத்தவருக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தார். டெய்லர்கள் தங்கள் காசில் ஊசி வாங்கி டிபன் பையில் வைத்துக்கொண்டார்கள். உடைந்த துண்டுகள் எங்கே போயின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மூன்று வாரமும் ஓடியது குழந்தைகள் உடுப்பு. நோட்டு சுத்தமாக இருக்கிறதே என்று முதலாளிக்குச் சந்தோஷம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெஷின் ஓடும்போது ஃப்ளோரில் போய் நில்லுங்கள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பட்டியல் போடாதீர்கள்.

கட்டிங் செக்ஷனில் பேண்ட் நைஃப் (துணி வெட்டும் பிளேடு மெஷின்) ஓட்டுகிறவருக்கு இரும்பு வளையத்தால் பின்னிய கையுறை கொடுத்திருப்பீர்கள். பல இடங்களில் அது ஆணியில்தான் தொங்கும். ஒரு கட்டிங் மாஸ்டரிடம் ஏன் போடுவதில்லை என்று கேட்டேன். "அதப் போட்டா துணி பிடி கிடைக்கறதில்லீங்க. மணிக்கட்டுல நிக்காம நழுவுதுங்க" என்றார். வாங்கிப் போட்டுப் பார்த்தேன், என் கைக்கே பெரிது. மொத்தமாக ஒரே அளவில் வாங்கியிருக்கிறார்கள். அவருடைய கை சிறியது. நழுவுகிற கையுறை பிளேடுக்குப் பக்கத்தில் வெறுங்கையைவிட மோசம். அவர் கழற்றி வைத்ததில் நியாயம் இருந்தது. சின்ன அளவில் ஒன்று வந்ததும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். "கையுறை கொடுத்தாச்சு" என்று பதிவேட்டில் இரண்டு வருடமாகக் கையெழுத்து இருந்தது. அளவு சரியா என்று மட்டும் அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

ஓவர்லாக் மெஷினில் கண் மறைப்பு, ஊசிக்கு முன்னால் விரல் தடுப்பு, மோட்டார் பெல்ட்டுக்கு மூடி, அயர்னிங் டேபிளில் வயர், காலடியில் ரப்பர் பாய், பாய்லர் இருக்கும் இடம், வெளியேறும் வழியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுக் கேட்டுப் பாருங்கள். பார்த்ததை ஒரு சாதாரண நோட்டில் எழுதுங்கள். என்ன நடக்கலாம், யாருக்கு நடக்கலாம், யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று இருந்தால் போதும். தேதி எழுதாத வரி அப்படியே கிடக்கும், அனுபவத்தில் சொல்கிறேன்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கூடவே பொறுப்பான ஒருவர் போகட்டும். அடிபட்ட மெஷினை அப்படியே நிறுத்தி நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பார்த்தவர்கள் சொல்வதை அன்றைக்கே எழுதி வாங்குங்கள். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் விபத்து அறிக்கையையும் அன்றே ஏற்றிவிடுங்கள். அடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத நிலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தகவல் போக வேண்டும்.

பலரும் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போய்த் தையல் போட்டு, கையில் இரண்டாயிரம் கொடுத்து, "யாருட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிடுவார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் நாலாவது நாள் விரல் சீழ் பிடித்தால் என்ன ஆகும்? விபத்து நடந்ததற்கே காகிதம் இல்லை. விபத்து என்று பதிவாகியிருந்தால், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு இ.எஸ்.ஐ. கூலியில் 90 சதவீதம் கொடுக்கும். நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். உங்கள் இரண்டாயிரம் அந்த மனிதருக்கு அதையெல்லாம் இல்லாமல் ஆக்கிவிடும்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இ.எஸ்.ஐ.யில் இடம் உண்டு. பல்லடம் ரோட்டில் டூவீலரில் விழுந்தவரை "அது கம்பெனிக்கு வெளிய நடந்தது" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.

ஆள் வந்து நாலு நாள்தான் ஆகிறது. நிற்பாரா மாட்டாரா என்று பார்த்து ஒரு மாதம் கழித்து இ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாமா?

கூடாது. என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதிகம் பணம் போவதும் இதில்தான்.

மெஷின் பழகாத, இடம் பழகாத முதல் சில நாட்களில்தான் கை மாட்டும். இ.எஸ்.ஐ.யில் மருத்துவமும் விபத்து உதவியும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. அதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. காலையில் விபத்து, மதியம் பதிவு என்று இருந்தால் அதிகாரி கேள்வி கேட்பது இயல்பு. பதியாத ஆளுக்கு இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் உதவி கொடுத்துவிட்டு, அதன் மதிப்பை உங்களிடம் வசூலிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். உங்கள் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 12,000 சம்பளத்துக்கு உங்கள் கையிலிருந்து போவது 390 ரூபாய், அவரிடம் பிடிப்பது 90 ரூபாய். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். இதைக் கட்டிவிட்டால் வேலையில் ஏற்படும் காயத்துக்கு நீங்கள் தனியாக நஷ்டஈடு தர வேண்டிய சுமை இல்லை.

எங்களிடம் எட்டுப் பேர்தான். அப்போது ஒன்றும் வேண்டாமே?

உங்களுக்குத்தான் சுமை அதிகம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் நஷ்டஈடு முழுதும் முதலாளி தலையில் விழும். வயதுக்கு ஏற்ப ஒரு பெருக்கு எண் உண்டு, 30 வயதுக்கு அது 207.98. மாதம் 15,000 வாங்கும் 30 வயதுக்காரர் வேலையில் இறந்துபோனால் சம்பளத்தில் பாதியை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். 7,500 × 207.98, அதாவது 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். நியாயமான காரணம் இல்லாமல் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் வரலாம்.

எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் இதை எங்கிருந்து கொடுப்பார்? இழந்த குடும்பம் எத்தனை வருடம் கோர்ட்டு வாசலில் நிற்கும்? ஒர்க்மென் காம்பன்சேஷன் பாலிசி ஒன்று எடுத்து வையுங்கள். வருடா வருடம் ஆட்களின் சம்பளக் கணக்கை மறைக்காமல் கொடுத்துப் புதுப்பியுங்கள். குறைத்துக் காட்டினால் கேட்கும்போது பாலிசியும் குறைத்துத்தான் கொடுக்கும்.

தொழிலாளியே "பி.எஃப். வேண்டாம், முழுசாகக் கையில் கொடுங்கள்" என்கிறார். எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

எழுதி வாங்கினாலும் செல்லாது. இருபது பேர் இருக்கும் இடத்தில் 15,000 வரை சம்பளம் உள்ளவரைச் சேர்க்காமல் இருக்க முதலாளிக்கும் உரிமை இல்லை, தொழிலாளிக்கும் இல்லை. பின்னாளில் ஆய்வு வந்தால் இருவர் பங்கையும் உங்களிடம்தான் கேட்பார்கள், வட்டியோடு.

அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் பழைய கம்பெனி பி.எஃப். பணம் எடுக்க முடியாமல் கிடக்கும். ஆதாரில் ஒரு பெயர், பதிவில் ஒரு எழுத்து வித்தியாசம். அதைச் சரிசெய்து கொடுத்தால் அடுத்த நாள் அவரே நாலு பேரைக் கூட்டி வருவார். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் பி.எஃப். கணக்கோடு சேர்ந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும், அதற்குத் தொழிலாளி ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. இதைச் சொன்னால் மனம் மாறாதவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். வாரிசுதாரர் பெயரைப் பதிந்துவிட்டாரா என்றும் அப்போதே பாருங்கள்.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது வேறு விஷயம். அது நிலுவை என்ற கணக்கில் வராது, நம்பிக்கை மோசடி என்ற குற்றமாகவே எடுத்துக்கொள்வார்கள். பேங்க் தவணை கட்ட இந்தப் பணத்தைத் தொடாதீர்கள்.

ஆட்களெல்லாம் கான்ட்ராக்டர் கூட்டி வந்தவர்கள். அவர் பார்த்துக்கொள்வார் அல்லவா?

அவர் பார்க்காவிட்டால் நீங்கள் பார்க்க வேண்டும். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கவில்லை என்றால் முதன்மை முதலாளி, அதாவது நீங்கள், கொடுத்துவிட்டு அவரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ.யும் அப்படியே. பத்துப் பேர் எண்ணிக்கைக்கும் அவர்கள் தலை சேரும்.

பில் பாஸ் செய்யும் முன் அந்த மாத இ.எஸ்.ஐ., பி.எஃப். சலானையும், ஆட்கள் கணக்கில் சம்பளம் ஏறியதற்கான பேங்க் விவரத்தையும் கேளுங்கள். சலானில் உள்ள பெயரும் கேட்டில் உள்ள வருகைப் பதிவும் ஒத்துப்போகிறதா பாருங்கள். பீஸ் ரேட்டில் இல்லாத ஆள் பெயரை நுழைத்துச் சம்பளம் வாங்குவது இந்த இடத்தில்தான் நடக்கும்.

திருட்டைத் தடுக்க ஷிப்ட் நேரத்தில் பின் கேட்டைப் பூட்டிவிடுகிறோம். சரிதானே?

தயவுசெய்து பூட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் படியுங்கள்.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற பிளவுஸ் தைக்கும் கம்பெனி, ஒரு கட்டடத்தின் எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில். வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடந்த துணிக் கழிவில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டிக் கிடந்தது. போகும்போது பெண்களின் கைப்பையைச் சோதிக்க வசதியாக எல்லோரையும் ஒரே வாசல் வழியாக அனுப்புவது அங்கே வழக்கம். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம்பெண்கள். ஜன்னல் வழியாகக் குதித்தே பலர் செத்தார்கள். பிறகு வழக்கு நடந்தபோது, அதுவரை திருட்டுப் போன பொருளின் மதிப்பு எவ்வளவு என்று முதலாளி ஒருவரைக் கேட்டார்கள். 25 டாலரைத் தாண்டாது என்று ஒப்புக்கொண்டார்.

நூறு வருடம் கழித்து, 2012 நவம்பர் 24-ல் டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் தீப்பிடித்தபோதும் வெளியே போகும் வழிகள் பூட்டிக் கிடந்தன. அலாரம் அடித்தும் மெஷினுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு கடையில் கிடைக்கிறது. திறந்தால் மணி அடிக்கும்படி ஒரு சுவிட்ச் வைத்துவிட்டால் திருட்டுக்கும் காவல் ஆச்சு. சோதனை அவசியம் என்றால் பெண்களைப் பெண்களே சோதிக்கட்டும், மேனேஜர் பையும் அதே வரிசையில் போகட்டும்.

உண்மையில் பெரிய பணம் டிபன் பையில் போவதில்லை. நூல், எலாஸ்டிக், பட்டன் வாங்குகிறவரும் பில்லைச் சரிபார்க்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில்தான் போகிறது. வாங்குகிறவர் ஒருவர், சரக்கை எண்ணி எடுப்பவர் ஒருவர், பணம் போடுகிறவர் ஒருவர் என்று பிரித்து வையுங்கள். நம்பிக்கையான ஆள் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். ஆசைப்படும்படி ஓர் ஓட்டையை நாமே திறந்துவைத்துவிட்டு நல்ல மனிதரைச் சோதிப்பது அவருக்குச் செய்கிற துரோகம்.

பீஸ் வீணாகிவிட்டால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

அவருடைய கவனக்குறைவால்தான் ஆனது என்று காட்ட வேண்டும். பிடிக்கும் முன் அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அபராதம் என்றால் அந்தக் காலச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஊசி நோட்டுக் கதையை மேலே சொன்னேன். என்னைக் கேட்டால் பிடிக்காமல் இருப்பதே லாபம்.

பெண்கள் கமிட்டி கட்டாயமா? எங்கள் கம்பெனியில் அப்படிப் புகாரே வந்ததில்லையே.

பத்துப் பேர் இருந்தால் உள் புகார்க் குழு கட்டாயம். 2013-ம் ஆண்டுச் சட்டம் அது. குழுத் தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அறிக்கை வந்து 60 நாளுக்குள் நீங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகக் கூடாது. குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

புகாரே இல்லை என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு கம்பெனியில் கமிட்டி விவரம் அழகாக ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள், சூப்பர்வைசர் மேஜைக்கு நேர் மேலே. அதை நின்று படிக்கும் பெண்ணை அவர் நிமிர்ந்து பார்ப்பார். யார் படிப்பார்கள்? பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில், உட்பக்கமாக மாற்றி மாட்டச் சொன்னேன். கமிட்டியில் இருந்த அக்கா ஒருவரின் செல் நம்பரைப் பெரிதாக எழுதச் சொன்னேன். அந்த மாதமே முதல் போன் வந்தது.

திண்டுக்கல் பக்கம் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு பிராண்டோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. தையல் லைனில் இருக்கும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அத்துமீறலைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். சொன்னவர் மேல் பழிவாங்கினால் நடவடிக்கை. சுவரில் பெட்டி வைப்பதைவிட இது வேலை செய்யும். பக்கத்து மெஷின் அக்காவிடம் சொல்வது யாருக்கும் எளிது.

ஒழுங்கீனம் செய்தவரை உடனே "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பிவிடலாமா?

கோபத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக லட்சக்கணக்கில் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆள் தப்புச் செய்தது உண்மை. ஆனால் அதைக் காட்டக் கம்பெனியிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

என்ன செய்தார், எந்தத் தேதி, எந்த இடம் என்று தெளிவாகக் குற்றச்சாட்டு மெமோ கொடுங்கள், தமிழில், அவர் இந்தி பேசுகிறவராக இருந்தால் இந்தியிலும். விளக்கம் தர நாள் கொடுங்கள். சண்டையில் சம்பந்தப்படாத ஒருவர் விசாரிக்கட்டும். இரு தரப்புச் சாட்சியையும் எழுதி, அவருக்குக் குறுக்குக் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். விசாரணை முடியும் வரை சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. கடை, ஷோரூம் என்றால், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கத் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் இடம் தரவில்லை. விசாரணையில் ஒழுங்கீனம் நிரூபணமானால்தான் அந்த நோட்டீஸ் தேவைப்படாது.

போகிறவருக்குக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் முடியுங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. கடைசிச் சம்பளம் 13,000, பத்து வருட வேலை என்றால் 13,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 10-ஆலும் பெருக்கினால் 75,000. ஒப்பந்தக் காலம் குறித்து எடுத்தவருக்குப் புதிய தொகுப்பின்படி ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. கணக்கு கேட்டு நாலு தடவை கேட்டில் நின்றவர்தான் வக்கீலைப் பார்க்கப் போகிறார்.

வட மாநிலத் தொழிலாளர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஆதாரை வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஆதார், ஏ.டி.எம். கார்டு, சர்டிஃபிகேட் எதையும் பிடித்து வைக்காதீர்கள். கடனைக் காட்டி ஆளைப் போகவிடாமல் வைத்தால் அது 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். அட்வான்ஸைச் சிறிதாகக் கொடுங்கள், எத்தனை வாரத்தில் எவ்வளவு பிடிப்பது என்று அவர் மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சனிக்கிழமைச் சம்பளம் தவறாமல் வருகிற இடத்துக்கு ஆள் திரும்பி வருகிறார். தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆர்டரை அதற்கேற்ப ஒப்புக்கொள்வதுதான் நம் வேலை.

2023 மார்ச் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் செல்போனில் பரவின. போலீஸ் மறுத்தது, பிகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அதற்குள் ரயில்வே ஸ்டேஷனில் கூட்டம். அந்த வாரம் ஆட்கள் கலையாமல் நின்ற ஒரு யூனிட்டை அறிவேன். அங்கே இந்தி தெரிந்த ஒரு பெண் சூப்பர்வைசர் இருந்தார். ராத்திரி ரூமுக்கே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடியோவையும் அவர்களோடு பார்த்து, அம்மாக்களிடம் வீடியோ காலில் பேசினார். முதலாளி பேசியிருந்தாலும் நடந்திருக்காது. அந்த ரூமில் தண்ணீர் வரவில்லை என்று முன்பு அவர்கள் சொன்னபோது வந்து பார்த்தவர் அவர்தான்.

வயது எப்படிச் சரிபார்ப்பது?

ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பள்ளிச் சான்று கேளுங்கள். 14 வயதுக்குள் என்றால் எந்த வேலையும் கிடையாது, 18 வரை ஆபத்தான வேலை கிடையாது. மீறினால் முதலாளிக்குச் சிறையே உண்டு. லீவில் அம்மாவோடு வந்து நூல் வெட்டிக் கொடுக்கும் பிள்ளையும் இதில் அடக்கம்தான்.

கட்டிங் மாஸ்டர் திடீரென்று நின்றால் கம்பெனியே நின்றுவிடும். அவர் வேறு இடம் போகக் கூடாது என்று எழுதி வாங்கலாமா?

வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி செல்லாது. பேட்டர்ன், பையர் (ஆர்டர் கொடுக்கும் கம்பெனி) விவரம், விலைப் பட்டியல் இவற்றை வெளியே கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கலாம். அதைவிட முக்கியம், இரண்டாவது ஆளைப் பழக்குவது. மாஸ்டர் அதை மனமுவந்து செய்ய வேண்டும் என்றால் பழக்கிக் கொடுப்பதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் தன் இடத்துக்கே ஆள் எடுக்கிறார்கள் என்று பயப்படுவார், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

கம்பெனி மெயில், பேங்க் ஓ.டி.பி. வரும் சிம், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டு இவை மேனேஜரின் சொந்தப் பெயரில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

வெயில் காலத்தில் அயர்னிங்கில் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். குடித்துவிட்டு வருகிறார்கள் என்கிறார் சூப்பர்வைசர்.

முதலில் வெயிலைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் நீராவிப் பெட்டியோடு பன்னிரண்டு மணி நேரம் நின்றால் குடிக்காதவரும் விழுவார். தமிழ்நாடு அரசே 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. காற்று வெளியே இழுக்கும் ஃபேன், கை எட்டும் தூரத்தில் தண்ணீர், உப்புப் போட்ட மோர், மணிக்கொரு முறை ஆள் மாற்றம் இவற்றைச் செய்துவிட்டு அப்புறம் பேசுவோம். உண்மையிலேயே குடித்து வந்தவரை அன்று மெஷினில் உட்கார விடாதீர்கள், பத்திரமாக வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் தெளிந்த பிறகு தனியாகப் பேசுங்கள், லைனில் எல்லோர் முன்னாலும் வேண்டாம்.

பையர் ஆடிட்டில் எல்லாம் பாஸ். அதற்கு மேல் என்ன வேண்டும்?

2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தில் இருந்த சில ஆலைகளும் ஆடிட்டில் பாஸ் ஆனவைதான். முந்தைய நாள் சுவரில் விரிசல் வந்தது. கீழே இருந்த வங்கி தன் ஆட்களை வர வேண்டாம் என்றது. மேலே தையல் ஆலைகளில் இருந்தவர்கள் உள்ளே போகத் தயங்கினார்கள். சம்பளம் போய்விடும் என்று மிரட்டி அனுப்பினார்கள். 1,134 பேர் இறந்தார்கள். விரிசல் இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல மட்டும் அவர்களால் முடியவில்லை.

ஆடிட்டர் வருவதற்கு முன் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் கற்றுக்கொள்வது, இங்கே உண்மை பேசக் கூடாது என்பதைத்தான். அதே ஆள் நாளைக்கு ஒயர் கருகும் வாசனை வந்தாலும் பேசமாட்டார். ஆடிட்டரிடம் குறையைச் சொன்னால் மெயிலில் ஒரு கேள்வி வரும், பதில் எழுதித் தர நான் இருக்கிறேன்.

சுவரில் என்னென்ன நம்பர் எழுதி ஒட்ட வேண்டும்?

ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகள் உதவிக்கு 1098, மனம் சரியில்லை என்றால் பேச 14416. பக்கத்து இ.எஸ்.ஐ. மருந்தகம், ஆஸ்பத்திரி முகவரி. பெண்கள் கமிட்டி அக்காவின் நம்பர். உங்கள் சொந்த செல் நம்பரையும் எழுதுங்கள், மேனேஜருடையது மட்டும் போதாது. தமிழிலும் இந்தியிலும், ஒடியா பேசுகிறவர்கள் இருந்தால் அதிலும். ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுங்கள்.